பெயருக்கு ஒரு வால்: எபிரேயப் பெயர்கள் கிரேக்கத்துக்குள் போன விதம்

இயேசு என்ற பெயரின் கிரேக்க வடிவம் 'இயேசூஸ்'. இதை வைத்து இணையத்தில் ஒரு கதை ரொம்ப காலமாகச் சுற்றுகிறது. கிரேக்கர்கள் தங்கள் தெய்வம் ஸீயஸின் பெயரைக் கொண்டுவந்து வாலில் ஒட்டிவிட்டார்களாம், அதனால் அந்தப் பெயரே கலப்படமாம். காதுக்கு ஒரே மாதிரி ஒலிப்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் கிடையாது. ஸீயஸ் என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது 'தியோஸ்', 'தியா' என்று உருமாறும். இயேசூஸ் அப்படி மாறாது. 'இயேசூ', 'இயேசூன்' என்றுதான் ஆகும். இரண்டுக்கும் வேர் வேறு, எழுத்து வேறு. சரி, அந்தக் கடைசி 'ஸ்' எங்கிருந்துதான் வந்தது? கிரேக்க இலக்கணத்திலிருந்து வந்தது. அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால், நூற்றுக்கணக்கான எபிரேயப் பெயர்கள் கிரேக்க வேதாகமத்தில் ஏன் அப்படி அப்படி இருக்கின்றன என்பது பெருமளவு விளங்கிவிடும்.

எபிரேய வேதத்தைக் கிரேக்கமாக்கும் வேலை தொடங்கிய இடம் எகிப்திலுள்ள அலெக்சாந்திரியா, காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அந்த நகரத்தில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். பேச்சு, வியாபாரம், வழக்குமன்றம் எல்லாமே அவர்களுக்குக் கிரேக்கத்தில்தான். மோசேயின் ஐந்து புத்தகங்கள் முதலில் கிரேக்கத்துக்கு வந்தன. மற்றவை அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கோத்திரத்துக்கு ஆறு பேர் என்று 72 அறிஞர்கள் வந்து மொழிபெயர்த்ததாக ஒரு கதை எழுந்தது. அதனால்தான் இதற்குச் செப்துவஜிந்த், அதாவது எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பெயர். கதை எப்படியோ போகட்டும். உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்களுக்கு முன்னால் இருந்த சிக்கல் நிஜமானது. எபிரேயச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான் இருக்கும். உயிர் ஒலிகளைக் குறிக்கும் புள்ளிகளும் கோடுகளும் வர இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. கிரேக்கத்திலோ உயிரெழுத்து இல்லாமல் எழுதவே முடியாது. ஆக, ஒவ்வொரு பெயரையும் தாங்கள் வாய்விட்டு எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுத வேண்டியதாயிற்று. அன்றைய எபிரேய உச்சரிப்பைத் தேடுகிற மொழியியலாளர்களுக்கு இந்தப் பெயர்ப்பட்டியல்கள் ஒரு புதையலாக இருப்பது இதனால்தான்.

இயேசூஸ் என்ற பெயரையே எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். மூல வடிவம் யெஹோஷுவா. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தைய காலத்தில் அது யேஷுவா என்று சுருங்கிவிட்டது. நெகேமியாவின் எபிரேய மூலம் நூனின் மகனான பழைய யோசுவாவையே யேஷுவா என்றுதான் சொல்கிறது. இந்த யேஷுவாவைக் கிரேக்கத்தில் எழுத உட்காருங்கள். 'ய' என்ற மெய்க்கு எழுத்து இல்லை. 'இ' என்ற உயிரை வைத்துச் சமாளிக்க வேண்டும். 'ஷ' கிடையாது, 'ஸ' போதும் என்று விட வேண்டும். கடைசியில் தொண்டைக்குள் அடைத்து எழும் ஆயின் என்ற எழுத்துக்குக் கிரேக்கத்தில் இடமே இல்லை. அது விழுந்துவிடும், அதை ஒட்டி வந்த 'அ' ஒலியும் கூடவே போய்விடும். மிஞ்சுவது 'இயேசூ'. கிரேக்க வாக்கியத்தில் ஆண் பெயர் எழுவாயாக நிற்க வேண்டுமானால் பெரும்பாலும் 'ஸ்' வேண்டும். சேர்த்தால் இயேசூஸ். செயப்படுபொருளானால் இயேசூன், உடைமைப் பொருளிலும் விளியிலும் இயேசூ. அந்த 'ஸ்' பெயரின் பகுதியே அல்ல, வேற்றுமைக்காக வந்து ஒட்டிக்கொண்ட வால்.

இது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த வடிவமும் அல்ல. செப்துவஜிந்தில் யோசுவாவின் புத்தகத்துக்குத் தலைப்பே இயேசூஸ் என்பதுதான். முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் தம் நூல்களில் இதே பெயருள்ள பலரைக் குறிப்பிடுகிறார். அவர்களில் பிரதான ஆசாரியர்களும் உண்டு. தெருவுக்கு நான்கு பேர் வைத்திருந்த பெயர் அது. அதனால் ஒரு சங்கடமும் வந்தது. எபிரெயர் 4:8இல் கிரேக்க மூலம் 'இயேசூஸ் அவர்களை இளைப்பாறச் செய்திருந்தால்' என்கிறது. அங்கே பேசப்படுவது கானானுக்குள் ஜனங்களை நடத்திப்போன பழைய யோசுவா. 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் எழுத்தைப் பார்த்து ஜீசஸ் என்றே அச்சிட்டது. தமிழ் வேதாகமம் அங்கே யோசுவா என்று போட்டு வாசகரைக் காப்பாற்றிவிட்டது.

தமிழ் 'இயேசு'வின் முதலிலும் ஓர் 'இ' நிற்கிறதே, கிரேக்கத்திலிருந்து வந்ததா என்று கேட்கலாம். அதற்கு நம் இலக்கணமே போதும். 'யே' என்ற எழுத்தில் சொல் தொடங்குவதை நன்னூல் அனுமதிப்பதில்லை. எனவே முன்னால் ஓர் 'இ' வந்தது, இயந்திரத்துக்கும் இயமனுக்கும் வந்த மாதிரி.

இந்த வால் விவகாரம் முழுவதையும் ஒரே வசனத்தில் காட்டும் இடம் மத்தேயு 1:2. 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான். ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான். யாக்கோபு யூதாவையும் அவன் சகோதரரையும் பெற்றான்.' கிரேக்கத்தில் அதன் ஓட்டம் ஏறக்குறைய இப்படிப் போகும்: 'அப்ரஆம் எகென்னேசென் தொன் இசஆக், இசஆக் தெ எகென்னேசென் தொன் இயாகோப், இயாகோப் தெ எகென்னேசென் தொன் யூதான்.' இசஆக் பெற்றவனாக வந்தாலும் இசஆக், பெறப்பட்டவனாக வந்தாலும் இசஆக். பெயரில் அசைவே இல்லை. யார் யாரைப் பெற்றார் என்பதை முன்னால் நிற்கும் 'தொன்' என்ற சிறு சொல்தான் சொல்கிறது. நம் 'ஐ' உருபின் வேலையைப் பெயருக்கு வெளியே நின்று அது செய்கிறது. ஆனால் நான்காவது பெயரைப் பாருங்கள். யூதா வரும்போது மட்டும் 'யூதான்' என்று வால் முளைத்துவிட்டது. அடுத்த வசனத்தில் அதே ஆள் எழுவாயாக வரும்போது 'யூதாஸ்'.

மூன்று பேருக்கு இல்லாத வால் நாலாமவருக்கு மட்டும் ஏன்? பெயர் முடியும் எழுத்துதான் காரணம். சொந்தக் கிரேக்கச் சொல் உயிரில் முடியும். இல்லாவிட்டால் ன், ர், ஸ் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். 'ப்', 'க்', 'ம்', 'த்', 'ல்' என்று முடிகிற சொல் கிரேக்கக் காதுக்கு அந்நியம். அப்ரஆம், இசஆக், இயாகோப் மூன்றுமே அந்த ரகம். எந்த வேற்றுமை வரிசையிலும் அவற்றைப் பொருத்த முடியாது. யெஹூதா மட்டும் 'ஆ'வில் முடிகிறது. கிரேக்கத்தில் '-ஆஸ்' என்று முடியும் ஆண் பெயர்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. யூதா அந்த வரிசையில் சுலபமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். தீர்க்கதரிசிகள் பலருக்கும் இதே அதிர்ஷ்டம் வாய்த்தது. '-யா', '-யாஹூ' என்று முடிகிற எபிரேயப் பெயர்கள் '-இயாஸ்' என்ற கிரேக்க முடிவுக்குள் அப்படியே பொருந்தின: ஏசாயா எசாயாஸ் ஆனார், எரேமியா இயெரெமியாஸ், சகரியா சகரியாஸ்.

தமிழ் வாசகருக்கு இது புதிதாகத் தோன்றாது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியக் கூடாது என்பது நம்முடைய விதி. யாக்கோப் வந்தால் யாக்கோபு, யோசேப் வந்தால் யோசேப்பு, இசாக் வந்தால் ஈசாக்கு, தாவீத் வந்தால் தாவீது. ஆதாம், ராகேல், சாமுவேல் ஆகியவற்றுக்கு உகரம் தேவைப்படவில்லை. மகரமும் லகரமும் நமக்கு இயல்பான முடிவுகள். கிரேக்கர்கள் பிரச்சினை தரும் பெயர்களை வெளியாளாகவே விட்டுவிட்டார்கள், நாம் ஓர் உகரத்தைக் கொடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். பெண் பெயர்களுக்கு 'ஆள்' விகுதியும் கொடுத்தோம்: ஏவாள், சாராள், ரெபெக்காள், அன்னாள், மரியாள்.

கிரேக்கர்கள் வெளியாளாகவே விட்டுவிட்டார்கள் என்றது பாதிதான் சரி. மனம் வைத்தால் எந்தப் பெயருக்கும் '-ஒஸ்' சேர்த்துக் கிரேக்கமாக்கிவிடலாம். யோசேபஸ் அதைத்தான் செய்தார். ரோமில் உட்கார்ந்து கிரேக்க, ரோம வாசகர்களுக்காக யூத வரலாறு எழுதியவர் அவர். அவர் நூலில் ஆபிரகாம் ஆப்ராமோஸ், ஈசாக்கு இசாகோஸ், நோவா நோகோஸ். 'படிப்பவர்களுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று பெயர்களைக் கிரேக்கப்படுத்தியிருக்கிறேன், எங்கள் நாட்டில் இப்படிச் சொல்வதில்லை, நோகோஸ் எங்களிடம் நோயே, எந்த வேற்றுமையிலும் அதே வடிவம்தான்' என்ற பொருளில் அவரே விளக்கமும் தந்துவிடுகிறார். வேதப் பெயரை அசைப்பது சாதாரணக் காரியம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே சமாதானம் சொல்கிறார்.

செப்துவஜிந்தும் புதிய ஏற்பாடும் இந்த இரண்டு வழிகளையும் வைத்திருக்கின்றன. எதை எங்கே பயன்படுத்துகின்றன என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புதிய ஏற்பாட்டில் கோத்திரப் பிதாவான யாக்கோபு எப்போதும் இயாகோப், வால் இல்லை. அதே பெயர் கொண்ட அப்போஸ்தலனும் இயேசுவின் சகோதரனும் இயாகோபோஸ், வால் உண்டு. முன்னவர் வேதச் சுருளிலிருந்து வருகிறவர், அவரை அசைக்கக் கூடாது. பின்னவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். தினம் கூப்பிட்டு, விலாசம் எழுதி, கடிதம் போட்டுப் புழங்கிய பெயர் வழவழப்பாகி, கிரேக்க வால் தானாகவே முளைத்துவிட்டது. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் ஜேக்கப், ஜேம்ஸ் என்று சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்களாகப் பிரிந்துபோயின. தமிழில் இருவரும் யாக்கோபுதான். இந்த இடத்தில் நாம் கிரேக்கத்தைவிட எபிரேயத்துக்கு நெருக்கம்.

பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட சவுலின் கதை இன்னும் நுட்பமானது. அப்போஸ்தலர் நடபடிகளில் கதை சொல்பவர், பவுல் என்று மாறும்வரை, அவரைச் சவ்லோஸ் என்கிறார், வாலோடு. தமஸ்கு வழியில் வானத்திலிருந்து வரும் குரலோ 'சவூல், சவூல்' என்று வால் இல்லாமல் கூப்பிடுகிறது. 26ஆம் அதிகாரத்தில் பவுல் இதைத் திரும்பச் சொல்லும்போது, அந்தக் குரல் எபிரேய பாஷையில் பேசியது என்றே சேர்த்துக்கொள்கிறார். நூலை எழுதிய லூக்கா மொழிமாற்றத்தை எழுத்திலேயே காட்டியிருக்கிறார். தமிழில் 'சவுலே, சவுலே' என்று விளி உருபு சேர்வதால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. எருசலேம் கூட்டத்தில் யாக்கோபு எழுந்து பேசும்போதும் இப்படித்தான்: இந்த நூலின் மற்ற இடங்களில் சீமோன் என்று வரும் பேதுருவை அவர் மட்டும் பழைய முறையில் சிமெயோன் என்கிறார்.

சீமோன் என்பதே ஒரு சின்னத் தந்திரம். எபிரேய ஷிமெயோனுக்குச் சரியான எழுத்துப்பெயர்ப்பு சிமெயோன். சீமோன் என்பது கிரேக்கர்களிடம் முன்பே புழங்கிவந்த அவர்களுடைய சொந்தப் பெயர். ஒலி ஒத்துப்போனதால் யூதர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒத்த ஒலியுள்ள கிரேக்கப் பெயரைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் எருசலேமின் மேல்தட்டில் ஏற்கெனவே இருந்தது. கி.மு. 175 வாக்கில் பிரதான ஆசாரியப் பதவியைப் பிடித்த ஒருவரின் பெயர் யேஷுவா. யாசோன் என்று மாற்றிக்கொண்டார் என்று யோசேபஸ் எழுதுகிறார்.

எல்லாப் பெயர்களும் இந்த விதிக்குள் அடங்காது. மரியாளின் கணவர் யோசேப்பு புதிய ஏற்பாட்டில் எப்போதும் இயோசேஃப், வால் முளைக்கவில்லை. மரியாள் சில இடங்களில் மரியம், சில இடங்களில் மரியா. ஒரே வசனத்துக்குக் கையெழுத்துப் பிரதிகள்கூட ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

அப்புறம் ஒலிகள். தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தைத் திறந்தால் ஆலெப், பேத் தொடங்கித் தௌ வரை 22 எபிரேய எழுத்துகளின் பெயர்களும் தலைப்பாக வரிசையாக இருக்கும். அவற்றில் கேத், ஆயின், ஷீன் போன்றவை கிரேக்கர்களுக்குப் பெரிய தலைவலி. ஷீனுக்கு 'ஸ' போட்டுவிட்டார்கள். ஷெமூயேல் சமூயேல் ஆனார், ஷெலோமோ சலோமோன் ஆனார். கேத்தும் ஆயினும்தான் சுவாரசியம்.

ராகேலின் பெயரில் நடுவில் இருப்பது கேத். ஈசாக்கின் எபிரேய வடிவமான யிட்ஸ்ஹாக்கில் நடுவில் இருப்பதும் அதே கேத். ஆனால் கிரேக்கத்தில் ராகேலுக்கு உரசி ஒலிக்கும் ஒரு 'க' கிடைத்தது. ஈசாக்குக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, இரண்டு அகரங்களுக்கு நடுவே வெற்றிடம்தான். மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடத் தோன்றும். அரபு மொழியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விஷயம் புலப்படும். ராகேல் என்றால் பெண் ஆடு. அதற்கு இணையான அரபுச் சொல்லில் கரகரப்பான 'க' இருக்கிறது. ஈசாக்கு சிரிப்போடு தொடர்புடைய பெயர். சிரிப்பதற்கான அரபுச் சொல்லில் மென்மையான 'ஹ' ஒலி இருக்கிறது. எபிரேயம் ஒரே எழுத்தால் இரண்டு ஒலிகளை எழுதிக்கொண்டிருந்தது. ஐந்து ஆகமங்களை மொழிபெயர்த்தவர்கள் காலத்தில் அந்த வேறுபாடு வாசிப்பில் இன்னும் உயிரோடு இருந்தது. பிற்பாடு எபிரேயத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன.

ஆயினிலும் இதே கதைதான். இன்றைய எபிரேயத்தில் காசாவுக்கு அஸா என்று பெயர். தொடக்கத்தில் 'க' இல்லை. அரபியில் கஸ்ஸா. எபிரேய எழுத்தில் ஆயினில்தான் தொடங்குகிறது. செப்துவஜிந்த் அதைக் 'காஸா' என்று எழுதிவைத்தது. கொமோராவும் எபிரேயத்தில் ஆயினில் தொடங்கும் ஊர்தான். இன்று உலகம் முழுக்கச் செய்திகளில் அடிபடும் அந்த ஊர்ப்பெயரின் முதலெழுத்து, அலெக்சாந்திரியாவில் யாரோ ஒருவரின் காது சரியாக இருந்ததால் கிரேக்கத்தில் தங்கிய எழுத்து. யாக்கோபு, ஏசா, சிமெயோன் பெயர்களில் இருந்த மற்ற வகை ஆயின் தடமே இல்லாமல் போயிற்று.

இன்னொரு வினோதமும் உண்டு. எபிரேயத்தில் சாதாரணத் 'த'வுக்கும் 'க'வுக்கும் கிரேக்கர்கள் மூச்சுக்காற்றோடு ஒலிக்கும் தீட்டா, 'கை' என்ற எழுத்துகளைப் போட்டார்கள். தொண்டையை இறுக்கிச் சொல்லும் தேத்துக்கும் கோப்புக்கும் சாதாரணத் தவ்வையும் கப்பாவையும் போட்டார்கள். தலைகீழாகத் தெரிகிறது இல்லையா? அன்றைய எபிரேயத்தில் சாதாரண வல்லினம் கொஞ்சம் மூச்சோடு ஒலித்திருக்க வேண்டும், இறுக்கமான வல்லினம் மூச்சின்றி ஒலித்திருக்க வேண்டும் என்பதே இதற்கான பொதுவான விளக்கம். ரூத், நாத்தான் பெயர்களில் தீட்டா வருவதும், ஈசாக்கில் கப்பா வருவதும், மிகாயேலில் 'கை' எழுத்து வருவதும் இந்தக் கணக்கில்தான். நம் எழுத்தில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

சில பெயர்களில் இல்லாத மெய்யும் நுழைந்தது. ஷிம்ஷோன் கிரேக்கத்தில் சம்ப்சோன். 'ம்' சொல்லி வாயை மூடியபடியே 'ஸ'வுக்குப் போனால் நடுவில் ஒரு 'ப்' தானாக வெடிக்கும். சொல்லிப் பார்த்தால் தெரியும். மம்ரே மம்ப்ரே ஆயிற்று, சிம்ரி சம்ப்ரி ஆயிற்று, எஸ்றா எஸ்த்ராஸ் ஆனார். இது எபிரேயப் பெயர்களுக்காகச் செய்த தனி ஏற்பாடு இல்லை. ஆனேர் என்ற கிரேக்கச் சொல்லே ஆந்த்ரோஸ் என்று மாறும்போது நடுவில் ஒரு 'த்' வாங்கிக்கொள்ளும்.

உயிர் ஒலிகளைப் பொறுத்தவரை கிரேக்கப் பெயர்கள் பல நேரம் நம் கையிலுள்ள எபிரேய வேதாகமத்தைவிடப் பழைய உச்சரிப்பைக் காட்டுகின்றன. உயிர்ப்புள்ளிகளை இட்ட திபேரியா அறிஞர்கள் வேலை செய்தது கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில். அவர்கள் புள்ளிவைத்த வடிவம் மிர்யாம். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய கிரேக்கத்தில் மரியம். அங்கே ஷிம்ஷோன், இங்கே சம்ப்சோன். அங்கே கிலெயாத், இங்கே கலஆத். மூடிய அசையில் இருந்த பழைய 'அ' பின்னாளில் 'இ' ஆகத் தேய்ந்தது என்பதற்குக் கிரேக்கம் சாட்சி. தமிழில் மோசேயின் சகோதரி மிரியாம், இயேசுவின் தாய் மரியாள். ஒரே பெயர்தான், ஒன்று எபிரேயப் புள்ளி வழியாக வந்தது, மற்றது கிரேக்கம் வழியாக வந்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜென் தொகுத்த பெருநூலில் எபிரேய வாசகத்தையே கிரேக்க எழுத்தில் எழுதிய ஒரு தனிப் பத்தி இருந்தது. அதன் ஒரு துண்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகர நூலகமொன்றில், வேறொரு எழுத்துக்கு அடியில் அழிக்கப்பட்ட நிலையில் கிடைத்தது. அதுவும் இதே வகைத் தகவல்களைத் தருகிறது.

பெயரின் பொருளே கதையின் உயிராக இருக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறியிருக்கிறார்கள். ஆதியாகமம் 3:20இல் ஆதாம் தன் மனைவிக்கு ஏவாள் என்று பெயரிடுகிறான், உயிருள்ளவர்களுக்கெல்லாம் அவள் தாய் என்பதால். எபிரேயத்தில் பெயருக்கும் 'உயிர்' என்ற சொல்லுக்கும் ஒலி உறவு உண்டு. ஒலியை மட்டும் எழுதினால் 'என்பதால்' என்பது தொங்கிப்போகும். ஆகவே அந்த ஒரு வசனத்தில் மட்டும் அவள் பெயர் ஸோயே. கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே அவள் எவுவா ஆகிவிடுகிறாள். பெயர் ஏன் மாறியது என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆபிராம் ஆபிரகாம் ஆன 17ஆம் அதிகாரம் இதைவிடச் சிக்கலானது. எபிரேயத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே எழுத்து, 'ஹ', கிடைக்கிறது. கிரேக்கத்தில் சொல் நடுவில் 'ஹ' எழுத வழியில்லை. ஆகவே அப்ராம், அப்ரஆம் ஆனான். அதாவது ஓர் ஆல்ஃபா கூடியது. சாராவுக்கு என்ன செய்வது? 'ர்' ஒன்றை இரட்டித்துச் சார்ரா ஆக்கினார்கள். கடவுள் தந்த வரம் ஓர் எழுத்துதானா என்று கேலி பேசத் தோதான இடம் இது. உண்மையிலேயே அப்படிக் கேலி பேசிய ஒருவனைப் பற்றி அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபிலோ எழுதியிருக்கிறார். 'எவ்வளவு பெரிய பரிசு, ஓர் ஆல்ஃபா, அப்புறம் அவளுக்கு ஒரு ரோ' என்று அவன் நக்கலடித்தானாம். கொஞ்ச நாளில் தூக்குப் போட்டுக்கொண்டானாம். ஃபிலோ அதைத் தண்டனை என்றே சொல்கிறார். கேலி, விளக்கம், தண்டனை எல்லாமே கிரேக்க எழுத்தை வைத்து நடந்தவை. எபிரேயம் தெரிந்தவனுக்கு அந்த நக்கல் விளங்கியே இருக்காது. தமிழில் அதே இடத்தில் ஆபிராமுக்கு ஒரு 'க' கிடைத்தது. சாராய் சாராள் ஆனாள்.

புதிய ஏற்பாட்டில் பொருள் பெயர்த்த பெரிய உதாரணம் பேதுரு. அரமேயக் கேபாவுக்குப் பாறை என்று பொருள். கிரேக்கத்தில் அதுவே பெத்ரோஸ். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்த வழியில் இன்னும் தாராளமாகப் போனவர்கள். யோகனான் என்றால் கடவுள் அருளினார். அதை வைத்து யோவான் அருளப்பர் ஆனார். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அவர் சின்னப்பர்.

பெயர் மாறியதற்கு நகல் எடுத்தவர்களின் கண்ணும் ஒரு காரணம். கிரேக்க யோசுவா புத்தகத்தில் அவருடைய தந்தை பெயர் நூன் இல்லை, நவே. எங்கிருந்து வந்தார் இந்த நவே? கிரேக்கப் பெரிய எழுத்தில் 'ந' இரண்டு நிற்கும் கோடுகள், நடுவில் ஒரு சாய்கோடு. நெடில் 'ஏ'யும் இரண்டு நிற்கும் கோடுகள், நடுவில் ஒரு கிடைகோடு. நவுன் என்று எழுதியிருந்ததை யாரோ நவே என்று படித்திருக்கிறார்கள் என்பதே பொதுவான விளக்கம். அந்தத் தவறு திருத்தப்படவே இல்லை. யோசுவா கிரேக்கச் சபைகளில் இன்றுவரை நவேயின் மகன்தான். தாவீதின் பெயரைப் பழைய பிரதிகள் முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்துமாகச் சுருக்கி மேலே ஒரு கோடு போட்டு எழுதும். ஆகவே நடுவில் என்ன எழுத்து இருந்தது என்பதில் பிற்காலப் பிரதிகளுக்குள் தவுயித், தபித் என்று ஒற்றுமை இல்லை. சீராக் என்ற பெயரின் கடைசி 'க்' எபிரேயத்தில் கிடையவே கிடையாது, அங்கே சீரா மட்டும்தான். உயிரில் முடிந்த பெயருக்கு வேற்றுமை வால் முளைக்காமல் இருக்கக் கதவடைத்தாற்போல் அந்தக் 'க்'கைப் போட்டார்களோ என்று சிலர் கருதுகிறார்கள். கத்தோலிக்கத் தமிழ் வேதாகமத்தின் 'சீராக்கின் ஞானம்' என்ற தலைப்பில் அது இன்னும் இருக்கிறது.

தமிழுக்குப் பெயர்கள் இரண்டு வழியாகவும் வந்தன. தரங்கம்பாடியில் 1715இல் அச்சான புதிய ஏற்பாடு தொடங்கிப் பலர் கைபட்டு இன்றைய வடிவங்கள் நிலைத்தன. மோசே எபிரேயத்துக்கு நெருக்கம். பழைய கத்தோலிக்க வழக்கான மோயீசன் கிரேக்க மோயுசேஸிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. எபிரேயத்தில் ஷெலோமோவுக்குக் கடைசியில் 'ன்' இல்லை. '-ஓன்' என்று முடியும் கிரேக்கப் பெயர் வரிசையில் உட்கார அவர் வாங்கிக்கொண்ட எழுத்து அது. நம் சாலொமோன் அந்த 'ன்'னோடுதான் பழைய ஏற்பாட்டிலும் இருக்கிறார்.

யூதாவிடம் திரும்பலாம். கிரேக்கத்தில் கோத்திரத் தலைவன், இயேசுவின் சகோதரன், கடிதம் எழுதியவர், காட்டிக்கொடுத்தவன், தமஸ்குவில் நேர்த்தெருவில் வீடு வைத்திருந்தவர் எல்லோருக்கும் யூதாஸ் என்ற ஒரே பெயர்தான். இந்த ஐந்து பேரில் தமிழ் வேதாகமம் கிரேக்க வாலை ஒரே ஒருவனுக்கு மட்டும் விட்டுவைத்தது. மற்ற நால்வரும் யூதா, காட்டிக்கொடுத்தவன் யூதாஸ். இயேசுவிடமும் பேதுருவிடமும் பவுலிடமும் இல்லாத அந்த 'ஸ்' அவனிடம் இருக்கிறது. யோவான் 14:22இல் இன்னொரு சீடன் கேள்வி கேட்கும்போது, சுவிசேஷகர் அவசரமாக 'ஸ்காரியோத்து அல்லாத யூதாஸ்' என்று சேர்த்துக்கொள்கிறார். பெயரை மட்டும் சொன்னால் கேட்பவர்கள் ஆளை மாற்றி நினைத்துவிடுவார்கள் என்ற பயம். தமிழில் அந்த எச்சரிக்கை இல்லாமலே, 'ஸ்' இல்லாத யூதா என்பதிலேயே ஆள் யார் என்று பிரிந்துவிடுகிறது.